எல்லாக் கட்டத்திலும் பதினேழு

2.5 கிகாபிட் வேகத்தில் வண்டி ஓடிக்கொண்டிருந்த காலத்தில் எங்களைப் போன்ற ஃபைபர்காரர்களுக்கு ஒரே கவலைதான்: வெளிச்சம் போதுமா, போதாதா. ஒரு முனையில் லேசர், மறுமுனையில் பவர் மீட்டர். மீட்டர் காட்டும் எண் சரியாக இருந்தால் வீட்டுக்குப் போகலாம். குறைந்திருந்தால் எங்கேயோ கனெக்டரில் அழுக்கு, எங்கேயோ இழை மடிந்திருக்கிறது, எங்கேயோ ஜாயிண்ட் சரியில்லை. தேடிப்போய்ச் சரிசெய்ய வேண்டியதுதான். நான் அப்படித் தொழில் கற்றவன். அதனால் 10 கிகாபிட் வந்தபோது, வேகம் நான்கு மடங்கு கூடுகிறது, அவ்வளவுதானே என்றுதான் நினைத்தேன்.

வேகம் நான்கு மடங்குதான். தொல்லைதான் பதினாறு மடங்கு.

லேசர் வெளிச்சம் ஒரே நிறம் என்று கல்லூரியில் படித்திருப்போம். அதைத் துடிப்பு துடிப்பாக வெட்டி அனுப்பும்போது அந்த நிறம் கொஞ்சம் அகன்றுவிடுகிறது. துடிப்பு குறுகக் குறுக நிறம் அகலும். கண்ணாடிக்குள் ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு வேகத்தில் போகும். மதுரையிலிருந்து பழநிக்குப் பாதயாத்திரை கிளம்பும் கூட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா? கிளம்பும்போது ஒரே கொத்தாகக் கிளம்புவார்கள். கொஞ்ச தூரத்தில் நடையில் கெட்டிக்காரர்கள் முன்னே போயிருப்பார்கள், கால் வலிக்காரர்கள் பின்தங்கியிருப்பார்கள். பழநி வரும்போது இந்த ஊர்க் கூட்டம் எது, பின்னால் வந்த அடுத்த ஊர்க் கூட்டம் எது என்று பிரிக்க முடியாது. ஒருவரும் தொலைந்துபோகவில்லை. தலையை எண்ணினால் கணக்கு சரியாகவே இருக்கும். ஆனால் யார் எந்தக் கூட்டம் என்பது போய்விட்டது. பள்ளிப் புத்தகத்தில் இதற்கு நிறப்பிரிகை என்று பெயர். நாங்கள் டிஸ்பர்ஷன் என்போம்.

சாதாரண இழைக்கு ஜி.652 என்று பெயர். அதில் 1550 நானோமீட்டர் வெளிச்சத்தை அனுப்பினால், ஒரு நானோமீட்டர் நிற அகலத்துக்கு, ஒவ்வொரு கிலோமீட்டரிலும் சுமார் 17 பிக்கோசெகண்ட் சிதறல். 2.5 கிகாபிட்டில் ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் இடம் 400 பிக்கோசெகண்ட். 10 கிகாபிட்டில் வெறும் 100. இடம் கால்வாசியாகிறது, நிறமோ நான்கு மடங்கு அகல்கிறது. இரண்டையும் பெருக்கினால் பதினாறு. 2.5 கிகாபிட் ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் சட்டை செய்யாத சிதறல், 10 கிகாபிட்டை அறுபது எண்பது கிலோமீட்டரிலேயே தடுக்கிவிடும்.

இதே இழையில் 1310 நானோமீட்டரில் அனுப்பினால் டிஸ்பர்ஷன் ஏறக்குறைய சுழியம். ஆனால் அங்கே கிலோமீட்டருக்கு 0.35 டெசிபெல் வெளிச்சம் வீணாகும்; 1550-இல் 0.2 தான். போதாக்குறைக்கு, வெளிச்சத்தை வெளிச்சமாகவே பெருக்கித்தரும் எர்பியம் ஆம்ப்ளிஃபையர் வேலை செய்வதும் 1550-ஐ ஒட்டித்தான். எல்லோரும் அங்கே குடிபெயர்ந்தோம், டிஸ்பர்ஷனையும் சேர்த்து வாங்கிக்கொண்டோம்.

அதற்கு மருந்து டி.சி.எம். என்ற பெட்டி. உள்ளே மெல்லிய நடுவம் கொண்ட ஒரு தனி இழையைப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் நீளத்துக்குச் சுருட்டி வைத்திருப்பார்கள். அதன் குணம் நேர்மாறு: கிலோமீட்டருக்கு 17 கூட்டுவதற்குப் பதில் நூறு வாக்கில் கழிக்கும். யாத்திரைக் கூட்டத்தில் பின்தங்கியவர்கள் வேகமாகவும் முந்தியவர்கள் மெதுவாகவும் நடக்கும்படி ஒரு ரஸ்தா இருந்தால் எப்படி இருக்கும், அப்படி. எண்பது கிலோமீட்டரில் பிரிந்தது இந்தப் பெட்டிக்குள் மறுபடி சேர்ந்துவிடும். கூலியாக ஆறேழு டெசிபெல் வெளிச்சத்தை எடுத்துக்கொள்ளும். அதை ஆம்ப்ளிஃபையர் ஈடுகட்டும்.

இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்த தப்பு என்றால் இதை எழுதவே மாட்டேன்.

2007-இல் மதுரை–திருநெல்வேலி தடத்தை 10 கிகாபிட்டுக்கு மாற்றும் திட்டம் என் கைக்கு வந்தது. மதுரையில் ஒரு முனை, சாத்தூரில் ஆம்ப்ளிஃபையர், திருநெல்வேலியில் மறுமுனை. கேபிள் நீளம் சுமார் 160 கிலோமீட்டர். டி.சி.எம். பெட்டிகளுக்கு ஆர்டர் போட ஒரு படிவம் நிரப்ப வேண்டும்: தடத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் நீளம், இழப்பு, இழை வகை, டிஸ்பர்ஷன். வடக்கே எல்லாம் எங்கள் சொந்தக் கேபிள். கோவில்பட்டிக்கு வடக்கிலிருந்து திருநெல்வேலி வரை சுமார் எழுபது கிலோமீட்டருக்கு இன்னொரு நிறுவனத்தின் இழையை வாடகைக்கு எடுத்திருந்தோம். அவர்கள் அனுப்பிய தாளில் எத்தனை இழை, எவ்வளவு நீளம், எவ்வளவு இழப்பு எல்லாம் இருந்தது. இழை வகை என்ற இடத்தில் 'சிங்கிள் மோட்' என்று மட்டும் போட்டிருந்தார்கள்.

ஜி.652-உம் சிங்கிள் மோட்தான். ஜி.655 என்ற வேறு ரக இழையும் சிங்கிள் மோட்தான். எது என்று கேட்க ஒரு போன் போதும். அன்று வெள்ளிக்கிழமை சாயங்காலம். பெட்டி வர மாதக்கணக்கில் ஆகும், ஆர்டர் அன்றைக்கே போயாக வேண்டும் என்று மேலிருந்து நெருக்கடி. எல்லாக் கட்டத்திலும் 17 என்று எழுதினேன். 160-ஐ 17-ஆல் பெருக்கினால் 2720. எண்பது கிலோமீட்டர் பெட்டி ஒன்று 1360-ஐக் கழிக்கும். இரண்டு பெட்டி, 2720. மிச்சமே இல்லை. அந்த அழகில் எனக்கு வந்த சந்தோஷம் இப்போதும் நினைவிருக்கிறது. பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டிகள் வந்து, ரேக்கில் ஏறி, லேசரைப் போட்டோம். வெளிச்சம் பிரமாதம். ஆனால் பிழை கொட்டியது. இந்தக் கருவிகளில் எஃப்.இ.சி. என்று ஒரு ஏற்பாடு உண்டு. கூடுதலாகச் சில பிட்டுகளைச் சேர்த்து அனுப்பி, வழியில் கெட்டதை மறுமுனையிலேயே திருத்திக்கொள்ளும். அந்தத் திருத்தக் கணக்கு மீட்டர் வட்டிக்காரன் நோட்டைப் போல ஏறிக்கொண்டே போனது. திருத்த முடியாத பிழைகளும் கூடவே.

என் பழைய புத்தி என்ன சொல்லும்? வெளிச்சத்தைக் கூட்டு. கூட்டினேன். பிழை இன்னும் அதிகமானது. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மாறாக, வெளிச்சத்தைக் கூட்டினால் பிழை கூடுகிறதென்றால் எங்கேயோ மோசமான ஜாயிண்டில் பட்டுத் திரும்புகிறது என்று முடிவு கட்டினேன். இழை நெடுக எங்கே எவ்வளவு இழப்பு என்று காட்டும் ஓ.டி.டி.ஆர். கருவியைத் திருநெல்வேலியிலிருந்து மாட்டிப் பார்த்தேன். கோவில்பட்டிக்கு வடக்கே, வாடகை இழையும் எங்கள் இழையும் சேரும் ஜாயிண்டில் 0.40 டெசிபெல். மற்ற ஜாயிண்ட் எல்லாம் 0.05-ஐத் தாண்டவில்லை. குற்றவாளி கிடைத்துவிட்டான்.

ஜாயிண்டரைக் கூப்பிட்டேன். ஒப்பந்தக்காரர்தான், ஆனாலும் அந்தத் தடத்தில் பாதி ஜாயிண்ட் அவர் கையால் போட்டது. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். நான் "அண்ணே" என்பேன், அவர் "சார்" என்பார்.

ஐப்பசி மழை. ஓடிக்கொண்டிருக்கும் மற்ற இழைகளுக்கு ஆபத்து வராமல் இருக்க நள்ளிரவுக்கு மேல்தான் குழியைத் திறக்க அனுமதி. கரிசல் மண் நனைந்தால் எப்படி இருக்கும் என்று அந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வைத்த காலை எடுக்க முடியாது, எடுத்தால் செருப்பு வராது. குழியில் நின்ற தண்ணீரை இறைத்து, தார்ப்பாய் கட்டி, ஜெனரேட்டர் போட்டு, அவரும் ஒரு பையனும் உள்ளே இறங்கினார்கள். நான் பொலேரோவுக்குள் உட்கார்ந்து போனில் திருநெல்வேலியோடு பேசிக்கொண்டிருந்தேன். அவருடைய ஸ்ப்ளைசிங் மெஷின் 0.03 என்று காட்டும். திருநெல்வேலியில் ஓ.டி.டி.ஆர். 0.40 என்று காட்டும். வெட்டு, மறுபடி ஒட்டு. 0.03. அங்கே 0.40. வேறொரு ராத்திரி மறுபடியும் குழி, மறுபடியும் அதே கதை.

கடைசியில் அவர் வண்டி ஜன்னலோரம் வந்து நின்றார். முழங்கால் வரைக்கும் சேறு.

"சார், எத்தன தடவ வெட்டி ஒட்டினாலும் இதான் சார் காட்டும். சாத்தூர்ல இருந்து பாத்தா இதே ஜாயிண்ட் கெயின் காட்டுதுல்லா. ரெண்டு பக்கமும் எடுத்து சராசரி பாக்கணும் சார்."

கெயின் என்றால் ஜாயிண்டைத் தாண்டியதும் வெளிச்சம் கூடுகிறது என்று பொருள். தூக்கம் கெட்ட எரிச்சல், மேலிருந்து வரும் போன்கள், எல்லாம் சேர்ந்து வாயில் வந்துவிட்டது.

"யோவ், ஜாயிண்ட் எங்கயாவது வெளிச்சத்த உண்டாக்குமாய்யா? எனக்கே பாடம் எடுக்கிறியா? போய் வெட்டி ஒட்டு."

அவர் "சரிங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். அன்று அந்த ட்ரேயில் பக்கத்து இழை ஒன்று நசுங்கியது. ஓடிக்கொண்டிருந்த 2.5 கிகாபிட் இணைப்பு ஒன்று விழுந்து, விடியும் வரை எழவில்லை. தெற்கே பல ஊர்களில் ஏ.டி.எம். வேலை செய்யவில்லை. காலையில் யாராவது ஒருவரைக் கைகாட்ட வேண்டியிருந்தது. நான் அவரைக் காட்டினேன். அவர் பில்லில் ஒரு தொகையைப் பிடித்தம் செய்வதென்று அலுவலகத்தில் முடிவானது. அதற்கு ஆதாரமாக, ஜாயிண்ட் தரமில்லை என்று ஒரு தொழில்நுட்பக் குறிப்பு எழுதித்தரச் சொன்னார்கள்.

அந்தக் குறிப்பை நன்றாக எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். ஆதாரம் கனமாக இருக்கட்டும் என்று திருநெல்வேலியில் எடுத்த படத்தை வைத்துவிட்டு, சாத்தூர்ப் பக்கப் படத்தையும் இணைக்கலாம் என்று ஃபைலைத் திறந்தேன். பல நாளாக ஃபைலில் இருந்த படம்தான். நான் பார்த்ததே இல்லை.

கோடு இறங்கிக்கொண்டே வருகிறது. அந்த ஜாயிண்டில் ஒரு படி மேலே ஏறி, மறுபடி இறங்கத் தொடங்குகிறது. 0.30 கெயின்.

ஒரு பக்கம் 0.40 இழப்பு, மறுபக்கம் 0.30 கூடுதல். கழித்துப் பாதியாக்கினால் 0.05. நல்ல ஜாயிண்ட். அப்போதும் நான் "கருவியில் ஏதோ கோளாறு" என்றுதான் தட்டச்சு செய்யப் போனேன். கை பாதியில் நின்றது. ஓ.டி.டி.ஆர். ஜாயிண்டைத் தாண்டிப் போகும் வெளிச்சத்தைப் பார்ப்பதில்லை. இழையின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் சிதறித் திரும்பி வரும் துளி வெளிச்சத்தைத்தான் பார்க்கிறது. வெளிச்சத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போகும் இழை அதிகமாகத் திருப்பி அனுப்பும். அகலமாக விட்டுப் போகும் இழை குறைவாக அனுப்பும். அகலமானதிலிருந்து இறுக்கமானதற்குப் போனால் ஏறினாற்போலத் தெரியும். எதிர்ப்பக்கமிருந்து பார்த்தால் இழப்பு ஊதித் தெரியும். ஜாயிண்டில் எந்த விசேஷமும் இல்லை.

அப்படியானால் இரண்டு பக்கமும் ஒரே இழை இல்லை.

டீ ஆறிப்போய்விட்டது. வேறு இழை என்றால் எந்த இழை? இறுக்கமாக வெளிச்சத்தைப் பிடிப்பது ஜி.655 ஆக இருக்கலாம். ஜி.655 என்றால் டிஸ்பர்ஷன் 17 இல்லை, 4 வாக்கில். பேனாவை எடுத்தேன். வடக்கே 90 கிலோமீட்டர், 17 வீதம் 1530. தெற்கே 70 கிலோமீட்டர், 4 வீதம் 280. ஆக 1810. நான் கழிக்க வைத்திருந்தது 2720. போகவேண்டியதைவிட 910 அதிகமாகக் கழித்திருக்கிறேன். எங்கள் கருவி தாங்கக்கூடியது இரு பக்கமும் 800. பின்தங்கியவர்களை முன்னே தள்ளித் தள்ளி, அவர்களை முந்தியவர்களுக்கும் முன்னே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன். கூட்டம் மறுபடியும் கலந்துவிட்டது, இந்த முறை தலைகீழாக.

படிவத்தை எடுத்துப் பார்த்தேன். 17, 17, 17. என் கையெழுத்து.

வெளிச்சத்தைக் கூட்டியபோது பிழை ஏன் கூடியது என்பதும் அப்போதுதான் விளங்கியது. 1980களில் ஜப்பானியர்கள், டிஸ்பர்ஷனே வேண்டாமென்று 1550-இலேயே அது சுழியமாகும் இழையைச் செய்து போட்டார்கள். ஜி.653. ஒரே ஒரு நிறம் போகும்வரை அருமையான இழை. பல நிறங்களை ஒன்றாக அனுப்பத் தொடங்கியதும், எல்லாம் ஒரே வேகத்தில் ஒட்டியபடி ஓடி, ஒன்றோடொன்று கலந்து, இல்லாத புது நிறங்களைப் பெற்றுப்போட்டன. கொஞ்சம் டிஸ்பர்ஷன் இருந்தால்தான் அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகும். அதற்காகவே வேண்டுமென்றே கொஞ்சம் மிச்சம் வைத்துச் செய்ததுதான் ஜி.655. அந்தக் கொஞ்சத்தில் நான் அளவுக்கு மீறி வெளிச்சத்தைப் பாய்ச்சிக்கொண்டிருந்தேன்.

தீர்வு சிரிப்பை வரவழைக்கும். இரண்டு பெட்டியில் ஒன்றைக் கழற்றிவிட்டு ஒரு பேட்ச் கார்டு. பெட்டி தின்றுகொண்டிருந்த வெளிச்சம் மிச்சமாகிவிட்டதால், அதைக் குறைக்க ஓர் அட்டெனுவேட்டர். மிச்ச டிஸ்பர்ஷன் 450. பிழைக் கணக்கு அப்படியே நின்றது. ஒரு மணி நேர வேலை. இப்போது வரும் 100 கிகாபிட் கோஹெரன்ட் கருவிகளுக்கு இந்தப் பெட்டியே வேண்டாம். டிஸ்பர்ஷன் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று ரிசீவரே கண்டுபிடித்துத் தன் சிப்பில் கணக்குப்போட்டுக் கழித்துவிடும். பிறகொரு காலத்தில் அதே தடத்தில் அந்தக் கருவியைப் போட்டபோது திரையில் 1800-க்குச் சற்று மேலே ஓர் எண் வந்தது. இளசுகள் கவனிக்கவில்லை. நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அறிக்கையில் என்ன எழுதினேன் தெரியுமா? 'இழை வகை பற்றிய ஆவணத்தில் முரண்பாடு இருந்தது கண்டறியப்பட்டு சரிசெய்யப்பட்டது.' யார் கண்டறிந்தார், யார் முரண்பட்டார் என்பதற்கு அந்த வாக்கியத்தில் இடமே இல்லை. ஜாயிண்ட் தரமில்லை என்ற குறிப்பை எழுதவில்லை, உண்மைதான். ஆனால் நசுங்கிய இழைக்கான பிடித்தம் என் குறிப்பு இல்லாமலேயே நடந்துவிட்டது. அதைத் திருப்ப வேண்டுமானால், அந்த ராத்திரி அந்தக் குழியைத் திறக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை, திறக்கச் சொன்னது என் தவறான கணக்கு என்று நான் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். எழுதினேன். மேசை டிராயரில் வைத்தேன். பதவி உயர்வுப் பட்டியல் வரட்டும் என்று வைத்தேன். பட்டியல் வந்தது, என் பெயரும் இருந்தது. கடிதத்தை எடுத்துக்கொண்டு கணக்குப் பிரிவுக்குப் போனபோது மார்ச் தாண்டிவிட்டது. "வருசக் கணக்கு முடிஞ்சிருச்சே சார், இனி ஆடிட்ல கேப்பாங்க" என்றார்கள். நானும் அதோடு வந்துவிட்டேன். சண்டை போட்டிருக்கலாம்.

அவருக்கு போன் செய்ய இன்னும் பல மாதம் ஆனது. தூத்துக்குடிப் பக்கம் வேறு நிறுவனத்துக்கு வேலை செய்துகொண்டிருந்தார். பணம் வராது என்று சொன்னேன். "அது அப்பவே தெரியும் சார்" என்றார். நான் கையிலிருந்து தருகிறேன் என்றதற்கு, "அதெல்லாம் வேண்டாம், வேல இருந்தா சொல்லுங்க" என்றார். அன்று பேசியது தப்பு என்று சொல்ல வாயெடுத்து, அதற்குப் பதிலாக, என்ன நடந்தது என்று விளக்க ஆரம்பித்தேன். தெற்கே போட்டிருந்தது ஜி.655, அது எனக்குத் தெரியாமல் போய்விட்டது, அதனால்தான் கெயின் காட்டியது, என்று.

"அது தெரியும்லா சார். கேபிள் மேலயே அச்சடிச்சிருக்கும்ல, மீட்டருக்கு மீட்டரு. குழிக்குள்ள டார்ச் அடிச்சா பளிச்சுனு தெரியும். நீங்களும் பாத்திருப்பீகன்னு நெனச்சேன்."

நான் எங்கே பார்த்தேன். வண்டியை விட்டு இறங்கினால்தானே.